இருநூறு புள்ளி வித்தியாசம்

உலகில் நடக்கும் போட்டிச் சதுரங்க ஆட்டங்களில் கிராண்ட்மாஸ்டர்கள் ஆடுபவை மிகச் சிறிய பங்கு. மற்றவை கல்யாண மண்டபங்களிலும் பள்ளிக்கூட அரங்குகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கின்றன. ரெக்சின் பலகையை விரித்து, பிளாஸ்டிக் காய்களை அடுக்கி, ஒன்பது மணிக்கு ஆரம்பிக்க வேண்டிய சுற்றைப் பத்தே காலுக்கு ஆரம்பிக்கும் போட்டிகள் அவை. தமிழ்நாட்டின் சதுரங்கப் புகழ் மேலே தெரியும் கோபுரம் என்றால், இந்த ஆட்டங்கள் அதன் அடித்தளம். மாநிலச் சதுரங்கக் கழகம் 1947-ல் தொடங்கியது. 1961-ல் மானுவேல் ஆரோன் நாட்டின் முதல் இண்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். 1988-ல் விஸ்வநாதன் ஆனந்த் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2024 டிசம்பரில் குகேஷ் பதினெட்டு வயதில் உலகப் பட்டம் வென்றார். ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் இப்படியொரு மண்டபத்தில் உட்கார்ந்து ஆடியவர்கள்தான்.

கிளப் அளவிலான ஆட்டம் என்றால் கிராண்ட்மாஸ்டர் ஆட்டத்தின் மட்டமான நகல் என்று பலர் நினைக்கிறார்கள். மனித மனம் எப்படி யோசிக்கிறது, எங்கே சறுக்குகிறது என்பதை ஆராய்ந்தவர்களுக்கோ நடுத்தர ஆட்டக்காரரே மிகப் பயனுள்ள ஆளாக இருந்திருக்கிறார். அவருக்கு விதிகளும் உத்திகளும் தெரியும். ஆனாலும் தவறு செய்வார். அந்தத் தவறுகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு.

அந்த ஒழுங்கைக் காட்ட ஒரு மாதிரி ஆட்டம் போதும். இடம் திருவண்ணாமலை, கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு மண்டபம். நாள் பௌர்ணமி அல்லாத ஒரு ஞாயிறு. பௌர்ணமியன்று அந்த ஊரில் போட்டி வைத்தால் ஆட்டக்காரர்கள் பேருந்து நிலையத்தைத் தாண்டுவதே பாடாகிவிடும். வெள்ளைக் காய்களுடன் பதின்மூன்று வயதுப் பையன், ரேட்டிங் 1500. கறுப்புக் காய்களுடன் நாற்பதைக் கடந்த வங்கி ஊழியர், ரேட்டிங் 1700. இருவரும் விளக்கத்துக்காக உருவாக்கப்பட்டவர்கள். அவர்கள் பலகையில் வரும் நிலைகள் ஆயிரக்கணக்கான பலகைகளில் உண்மையாகவே வந்தவை.

எண் சொல்வதும் சொல்லாததும்

1700, 1500 என்ற எண்களுக்குப் பின்னால் ஓர் இயற்பியல் பேராசிரியர் இருக்கிறார். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய அர்பாட் ஈலோ, மில்வாக்கி நகரின் மார்க்வெட் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். விஸ்கான்சின் மாநிலச் சதுரங்கப் பட்டத்தை எட்டு முறை வென்றவர். அவர் வகுத்த கணக்கை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960-லும் உலகக் கூட்டமைப்பான ஃபிடே 1970-லும் ஏற்றுக்கொண்டன.

ஈலோவின் பார்வையில் ஓர் ஆட்டக்காரரின் திறமை ஒரே புள்ளியில் நிற்பதில்லை. ஒரு நாள் மேலே போகும், ஒரு நாள் கீழே இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தின் வழக்கமான அளவை, புள்ளியியலில் திட்ட விலக்கம் எனப்படுவதை, அவர் 200 புள்ளி என்று வைத்துக்கொண்டார். அப்படியானால் வங்கி ஊழியருக்கும் பையனுக்கும் நடுவே உள்ள தூரம், ஒரே மனிதரின் நல்ல நாளுக்கும் சுமாரான நாளுக்கும் நடுவே உள்ள தூரம்தான். இருவரின் ஏற்ற இறக்கங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், 200 புள்ளி கூடுதலாக உள்ளவருக்கு எதிர்பார்க்கப்படும் மதிப்பெண் 0.76, மற்றவருக்கு 0.24. டிராவை அரைப் புள்ளியாக வைத்துப் பார்த்தால், நூறு ஆட்டம் ஆடினால் பையனுக்கு இருபத்து நான்கு புள்ளி வரும். மண்டபத்தில் கூடும் பெற்றோர்கள் ரேட்டிங் பட்டியலைப் பார்த்ததுமே முடிவைத் தெரிந்துகொண்டதுபோல் பேசுவதற்கு இந்தக் கணக்கில் ஆதாரம் இல்லை.

இந்த எண்களுக்கு அண்மைக்கால வரலாறு ஒன்றும் உண்டு. 2024 மார்ச் 1 அன்று ஃபிடே தன் பட்டியலின் அடிமட்டத்தை 1000-லிருந்து 1400-க்கு உயர்த்தியது. 2000-க்குக் கீழ் இருந்தவர்களுக்கு, 2000-க்கு எவ்வளவு குறைவோ அதில் நாற்பது சதவீதத்தை ஒரே தடவையில் கூட்டிக் கொடுத்தது. அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்றைய 1700 என்பது பழைய 1500. இன்றைய 1500 என்பது பழைய 1167. பழைய பட்டியலில் இருவருக்கும் 333 புள்ளி இடைவெளி இருந்திருக்கும். பையனின் எதிர்பார்ப்பு 0.13 அளவுதான். எண்கள் நெருக்கப்பட்டதும் அது ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. ஆட்டத்திறன் ஒரு துளியும் மாறாமல், வளரும் பிள்ளைகளின் உண்மையான பலத்துக்குக் கொஞ்சம் நெருக்கமாகப் பட்டியல் நகர்ந்தது. இதற்குப் பிறகும் பிள்ளைகளின் ரேட்டிங் அவர்கள் வளர்ச்சிக்குப் பின்னால்தான் ஓடிவருகிறது. விடுமுறை இரண்டு மாதமும் தினம் நான்கு மணி நேரம் பயிற்சி செய்த பையனின் எண் பழையபடியே இருக்கும். உள்ளூர்ப் போட்டிகளில் பெரியவர்கள் அதிகம் பயப்படுவது அதிக ரேட்டிங் உள்ளவரை அல்ல, குறைந்த ரேட்டிங் உள்ள சிறுவரை.

இந்த இருவரும் எதிரெதிரே உட்காரக் காரணம் சுவிஸ் முறை. 1895-ல் ஜூரிச்சில் ஜூலியஸ் முல்லர் என்பவர் முதலில் நடத்திப் பார்த்த முறை இது. 128 பேர் வந்த போட்டியில் ஒவ்வொருவரும் மற்ற எல்லோருடனும் ஆட 127 சுற்று வேண்டும். சுவிஸ் முறையில் சமப் புள்ளி பெற்றவர்களைச் சமப் புள்ளி பெற்றவர்களுடன் மோதவிடுவதால், டிரா இல்லை என்று வைத்துக்கொண்டால், ஏழு சுற்றில் ஒருவர் மட்டும் தோல்வியில்லாமல் நிற்பார். முதல் சுற்றில் பட்டியலின் மேல்பாதியின் முதல் ஆள் கீழ்பாதியின் முதல் ஆளோடு, அதாவது ஒன்றாம் எண் அறுபத்தைந்தாம் எண்ணோடு ஆடுவார். இரண்டாம் மூன்றாம் சுற்றுகளில்தான் 1700-ம் 1500-ம் ஒரே புள்ளியில் வந்து சந்திப்பார்கள். ஒரு காலத்தில் அட்டைகளை வைத்து நடுவர் மணிக்கணக்கில் போட்ட ஜோடிகளை இப்போது மென்பொருள் நொடியில் போட்டுவிடுகிறது. சுவரில் ஒட்டிய தாளைச் சுற்றி முண்டியடிக்கும் கூட்டத்துக்குப் பதிலாகக் கைப்பேசியைப் பார்க்கும் கூட்டம்.

கடிகாரமும் கையும்

ஒவ்வொருவருக்கும் 90 நிமிடம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி கூடுதல். நாற்பது நகர்த்தல் போனால் 110 நிமிடம், அறுபது போனால் இரண்டு மணி நேரம். இந்த ஏற்பாடு இல்லாத காலத்தில் ஆட்டம் எப்படி இருந்தது என்பதற்கு 1843-ல் பாரீசில் ஸ்டாண்டனும் செயிண்ட் அமானும் ஆடிய தொடர் சான்று. அதில் ஓர் ஆட்டம் பதினான்கு மணி நேரத்தைத் தாண்டியது. 1860-களில் மணல் கடிகாரம் வந்தது. 1883-ல் லண்டன் போட்டியில் மான்செஸ்டரைச் சேர்ந்த தாமஸ் பிரைட் வில்சனின் இரட்டைக் கடிகாரம் வந்தது. ஒன்று ஓடினால் மற்றது நிற்கும். நகர்த்தலுக்கு நகர்த்தல் சில விநாடி கூட்டித் தரும் கடிகாரம் பாபி ஃபிஷரின் யோசனை. 1988-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1992-ல் ஸ்பாஸ்கியுடன் மீண்டும் மோதியபோது அதையே பயன்படுத்தினார்.

கூடுதல் 30 விநாடி ஒரு கருணைபோலத் தோன்றும். கருணைதான், ஆனால் அதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு. 30 விநாடி கிடைப்பதால், எவ்வளவு நெருக்கடியிலும் ஒவ்வொரு நகர்த்தலையும் ஸ்கோர் ஷீட்டில் எழுதியே ஆக வேண்டும். காயைத் தொட்டால் அதைத்தான் ஆட வேண்டும். விதிக்கு மாறான நகர்த்தலைச் செய்து கடிகாரத்தை அழுத்தினால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடும். இரண்டாவது முறை செய்தால் பொதுவாக ஆட்டமே போய்விடும். கிளப் ஆட்டங்களில் இந்த விதிகளால் போகும் ஆட்டங்கள் கிராண்ட்மாஸ்டர்கள் கனவிலும் காணாதவை: செக்கில் இருப்பதைக் கவனிக்காமல் வேறு காயைத் தொடுவது, எதிராளியின் யானையை அவசரத்தில் தொட்டுவிட்டு அதை எடுக்க வழி தேடுவது.

ஈரல் வறுவல்

பலகையின் எட்டு நெடுவரிசைகளுக்கும் வெள்ளையின் இடக்கைப் பக்கத்திலிருந்து ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்று பெயர். குறுக்கு வரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண். பையன் ராஜாவின் சிப்பாயை இ4-க்குத் தள்ளுகிறான். பதிலுக்கு இ5. குதிரை எஃப்3, குதிரை சி6. பிஷப் சி4, குதிரை எஃப்6. நான்காம் நகர்த்தலில் பையன் குதிரையை ஜி5-க்கு ஏற்றுகிறான்.

இப்போது அவனுடைய குதிரையும் பிஷப்பும் எஃப்7 கட்டத்தைக் குறிவைத்திருக்கின்றன. ஆட்டத் தொடக்கத்தில் கறுப்பின் மிகப் பலவீனமான இடம் அது. ராஜாவைத் தவிர வேறு எந்தக் காயும் அதற்குக் காவல் இல்லை. கறுப்பு டி5 என்று சிப்பாயை முன்னே விட்டுப் பிஷப்பின் பாதையை அடைக்கிறது. வெள்ளைச் சிப்பாய் அதை வெட்டுகிறது. இந்த இடத்தில் பழக்கமில்லாதவர் செய்வது, குதிரையால் அந்தச் சிப்பாயைத் திருப்பி வெட்டுவது. அப்போது வெள்ளை தன் குதிரையை எஃப்7-ல் பலி கொடுக்கும். ராஜா அதை வெட்டியதும் ராணி எஃப்3-க்கு வந்து செக். டி5-ல் நிற்கும் கறுப்புக் குதிரையைக் காப்பாற்ற ராஜா இ6-க்கு, பலகையின் நட்டநடுவுக்கு நடந்தாக வேண்டும். இந்தத் தாக்குதலை இத்தாலியில் பொலேரியோ 1600-களின் தொடக்கத்திலேயே ஆடியிருக்கிறார். இத்தாலியர்கள் வைத்த பெயரும் ஆங்கிலேயர்கள் வைத்த பெயரும் ஈரலைச் சுற்றியவை. தமிழில் ‘ஈரல் வறுவல்’ என்றால் அதுதான். ஊர்ப் பயிற்சி வகுப்புகளில் பிள்ளைகள் முதலில் மனப்பாடம் செய்யும் தாக்குதலும் இதுவே. கணினி இந்த நிலையில் வெள்ளைக்குச் சாதகம் என்று சொல்லும். கறுப்பு உடனே தோற்கும் என்று சொல்லாது. ஆனால் பலகையின் நடுவில் நிற்கும் ராஜாவை நாற்பது நகர்த்தல் காப்பாற்றுவது மனிதரால் ஆகிற காரியமா என்பது வேறு கேள்வி.

வங்கி ஊழியருக்கு இது தெரியும். சிப்பாயை வெட்டாமல் குதிரையை ஏ5-க்கு நகர்த்திப் பிஷப்பைத் தாக்குகிறார். பிஷப் பி5-ல் செக். சி6 என்று சிப்பாய் தடுப்பு. சிப்பாய் வெட்டு, பதில் வெட்டு. வெள்ளைக்கு ஒரு சிப்பாய் அதிகம். கறுப்புக்குக் காய்கள் வேகமாக வெளியே வந்திருக்கின்றன. பிஷப் இ2-க்குப் பின்வாங்க, எச்6 சிப்பாய் குதிரையைத் துரத்துகிறது. குதிரை எஃப்3-க்குத் திரும்பினால் இ4 சிப்பாய் மறுபடி துரத்துகிறது. குதிரை இ5-ல் போய் நிற்கிறது. பத்து நகர்த்தல் முடிந்துவிட்டது. பையனின் நோட்டுப் புத்தகமும் இங்கேதான் முடிகிறது.

இதுவரை இருவரும் யோசித்ததே இல்லை. நினைவிலிருந்து எடுத்து வைத்தார்கள். யோசித்து முடியாது என்பதுதான் உண்மை. முதல் நகர்த்தலுக்கு வெள்ளைக்கு 20 வழி. கறுப்பும் ஒரு தடவை ஆடினால் 400. வெள்ளை மறுபடி ஆடினால் 8,902. இருவரும் இரண்டிரண்டு முறை ஆடி முடிக்க 1,97,281 வழிகள். இப்படிப் பெருகும் கிளைகளை எண்ணிப் பார்த்த கிளாட் ஷானன், 1950-ல், முழு ஆட்டத்துக்கு 1-க்குப் பின் 120 பூஜ்யம் போட்ட எண் என்று தோராயமாக மதிப்பிட்டார். மனித மூளை இதில் ஒரு தூசியைக்கூடத் தொடுவதில்லை. அப்படியானால் நல்ல ஆட்டக்காரர் செய்வது என்ன?

எட்டு லிங்கமும் ஐந்து விநாடியும்

நெதர்லாந்தின் உளவியலாளர் ஆட்ரியான் டி குரோட், தானே நல்ல ஆட்டக்காரர். அலெகைன், எவே, கெரஸ், ஃபைன் போன்ற உச்சத்தில் இருந்தவர்களையும் சாதாரண கிளப் ஆட்டக்காரர்களையும் ஒரே நிலையைப் பார்த்து வாய்விட்டு யோசிக்கச் சொன்னார். 1946-ல் வெளிவந்த ஆய்வில் அவர் கண்டது எல்லோரும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. எத்தனை நகர்த்தல் முன்னே பார்க்கிறார்கள், எத்தனை கிளைகளை ஆராய்கிறார்கள் என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. மாஸ்டர் நல்ல நகர்த்தலிலிருந்தே யோசிக்க ஆரம்பித்தார். மற்றவர் எங்கெங்கோ ஆரம்பித்தார். சில விநாடி மட்டும் பலகையைக் காட்டி மறைத்துவிட்டால், மாஸ்டரால் ஏறக்குறைய முழுவதையும் திரும்ப அடுக்க முடிந்தது.

1973-ல் அமெரிக்காவின் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் இதைக் கூர்மைப்படுத்தினார்கள். அவர்களின் சோதனைக்கு மூன்று பேர்: ஒரு மாஸ்டர், ஒரு கிளப் ஆட்டக்காரர், ஒரு புதியவர். நடு ஆட்டத்தின் நிலையை ஐந்து விநாடி காட்டினால் மாஸ்டர் சுமார் 16 காய்களைச் சரியாக வைத்தார், கிளப் ஆட்டக்காரர் 8, புதியவர் 4. அதே எண்ணிக்கைக் காய்களைப் பலகையில் தாறுமாறாக இறைத்துக் காட்டினால், மூவரும் மூன்று நான்கு காய்களுக்கு மேல் வைக்கவில்லை. மாஸ்டருக்கு நினைவாற்றல் அதிகம் இல்லை. அர்த்தமுள்ள காய்க் கூட்டங்களை ஒரே பொருளாகப் பார்க்கும் பழக்கம்தான் அதிகம்.

திருவண்ணாமலைக்காரருக்கு இதை விளக்குவது எளிது. வெளியூர்க்காரர் முதல் முறை கிரிவலம் வந்தால் 14 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆசிரமம், கடை, மடம், மரம் என்று நூறு காட்சிகள் கலைந்து கிடக்கும். ஊர்க்காரருக்கு அது எட்டுத் துண்டு: இந்திர லிங்கம், அக்னி லிங்கம், எம லிங்கம், நிருதி லிங்கம், வருண லிங்கம், வாயு லிங்கம், குபேர லிங்கம், ஈசான்ய லிங்கம். ‘குபேர லிங்கம் தாண்டி’ என்று ஒரு சொல்லில் இடத்தைக் காட்டிவிடுவார். அவர் கால் அதிகம் நடந்திருக்கிறது. கண் கூர்மையானது என்று அர்த்தமில்லை. கோட்டை கட்டிய ராஜாவும் அதன் முன் மூன்று சிப்பாயும் எஃப்3-ல் குதிரையும் ஐந்து காய்கள் அல்ல, ஒரே ‘லிங்கம்’.

வங்கி ஊழியரின் நினைவில் இப்படிப்பட்ட கூட்டங்கள் பையனுடையதைவிட அதிகம். இருபதாண்டு ஆட்டத்தின் சேமிப்பு அது. 200 புள்ளி வித்தியாசத்தில் பெரும்பங்கு அதற்கே சேர வேண்டும். ஆனால் சேமிப்புக்கு வட்டியும் கட்ட வேண்டியிருக்கிறது.

தெரிந்த வழியின் பிடி

பத்தாம் நகர்த்தலுக்குப் பிறகு கறுப்பின் பிஷப் டி6-க்கும் ராணி சி7-க்கும் வருகின்றன. இரண்டும் ஒரே சாய்கோட்டில், வெள்ளை ராஜா குடியேறப்போகும் மூலையில் எச்2 கட்டத்தைப் பார்க்கின்றன. ஊழியர் இப்படிப்பட்ட தாக்குதலில் பலமுறை ஜெயித்திருக்கிறார். பையன் ஜி3 என்று சிப்பாயைத் தள்ளி வழியை அடைத்த பிறகும் அவர் மனம் அந்த மூலையை விட்டு நகரவில்லை. பதினைந்திலிருந்து இருபத்தைந்தாம் நகர்த்தல் வரை நாற்பத்தைந்து நிமிடம் கரைகிறது. அதற்குள் திறந்த நெடுவரிசையில் யானையைக் கொண்டுவந்து, போன சிப்பாயை மீட்கும் எளிய வழி ஒன்று வந்து போய்விடுகிறது.

இதையும் ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்தாயிற்று. மெரிம் பிலாலிச், பீட்டர் மெக்லியாட், ஃபெர்னாண்ட் கோபே ஆகியோர் 2008-ல் வெளியிட்ட சோதனையில் ஆட்டக்காரர்களின் கண்ணசைவைக் கருவியால் பதிவு செய்தார்கள். கொடுத்த நிலையில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, எல்லாப் புத்தகத்திலும் வரும் ஐந்து நகர்த்தல் மேட்: ராணியைப் பலி கொடுத்து, ராஜாவை அவன் ஆட்களாலேயே நெருக்கி, குதிரையால் முடிப்பது. மற்றது, அவ்வளவு பிரபலமாகாத, ஆனால் மூன்றே நகர்த்தலில் முடியும் மேட். பெரும்பாலான நல்ல ஆட்டக்காரர்கள் முதலாவதைச் சட்டென்று பிடித்தார்கள். இதைவிடக் குறுகிய வழி உண்டா என்று தேடச் சொன்னால், தேடுவதாகவே நம்பினார்கள். கருவி காட்டியது வேறு. அவர்கள் கண்கள் பழைய வழிக்குரிய கட்டங்களுக்கே திரும்பத் திரும்பப் போயின. நிலையைச் சற்று மாற்றிப் பிரபலமான வழியை மூடிவிட்டால், அதே தரத்தில் உள்ளவர்கள் குறுகிய வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இதை ஒட்டிய இன்னொரு பழக்கத்தை டப்ளினில் மிஷெல் கௌலியும் ரூத் பர்னும் 2004-ல் காட்டினார்கள். தான் நினைத்த நகர்த்தலை எதிராளி எப்படி உடைப்பார் என்று மாஸ்டர் தேடுகிறார். அவ்வளவு தேறாதவர், எதிராளி தனக்கு வசதியான பதிலையே ஆடுவார் என்று வைத்துக்கொண்டு யோசனையை முடிக்கிறார். மண்டபத்துக்கு வெளியே ஆட்டத்தை அலசும் குரல்களில் அடிக்கடி கேட்கும் ‘அவன் அங்கே ஆடுவான்னு நெனச்சேன்’ என்பது இதுதான்.

யார் தவறு செய்வார், எங்கே?

ஆட்டக்காரரைவிட நிலைதான் தவறைத் தீர்மானிக்கிறது என்பதற்கு மிகப் பெரிய சான்று 2016-ல் வந்தது. ஆஷ்டன் ஆண்டர்சன், ஜான் கிளைன்பர்க், செந்தில் முல்லைநாதன் மூவரும் இணையத்தில் அமெச்சூர்கள் ஆடிய ஏறக்குறைய இருபது கோடி ஆட்டங்களையும், தனியாகக் கிராண்ட்மாஸ்டர் ஆட்டங்களையும் எடுத்துக்கொண்டார்கள். பலகையில் ஆறு காய்களோ அதற்குக் குறைவோ எஞ்சிய நிலைகளை மட்டும் பார்த்தார்கள். அந்த நிலைகளுக்கெல்லாம் சரியான விடை கணினியால் முழுமையாகக் கணக்கிட்டு வைக்கப்பட்டிருக்கிறது. எனவே எது தவறு என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. தவறு வருமா என்று முன்கூட்டிச் சொல்ல மூன்று தகவல்களைப் பயன்படுத்திப் பார்த்தார்கள்: ஆட்டக்காரரின் ரேட்டிங், மீதமுள்ள நேரம், நிலையின் கடினம். மூன்றில் நிலையின் கடினம் மற்ற இரண்டையும் வெகுதூரம் பின்தள்ளியது. சாத்தியமான நகர்த்தல்களில் எத்தனை பங்கு தவறானவை என்பதே அந்தக் கடினத்தின் அளவு. ரேட்டிங் கூடக் கூடத் தவறும் கூடும் விசித்திரமான நிலைகளும் அவர்களுக்குச் சிக்கின.

2020-ல் இதன் தொடர்ச்சியாக வந்த மாயா என்ற மென்பொருளுக்கு ஜெயிக்கக் கற்றுத்தரவில்லை. 1100 முதல் 1900 வரை ரேட்டிங் உள்ள மனிதர்கள் என்ன ஆடுவார்கள் என்று ஊகிக்கக் கற்றுத்தந்தார்கள். பாதிக்கும் சற்று அதிகமான நகர்த்தல்களை அது சரியாகச் சொன்னது; தவறுகளையும் சேர்த்துத்தான். 1500-காரர் செய்யும் தவறு குருட்டாம்போக்கானது என்றால் இது நடந்திருக்காது.

ஐம்பத்தோராம் நகர்த்தல்

மாதிரி ஆட்டத்தில் இருபது காய்கள் வெட்டுப்பட்டு, பிறகு இன்னும் ஏழு போய், ஐந்து மட்டும் எஞ்சுகின்றன. வெள்ளை ராஜா டி4-ல், யானை இ5-ல், சிப்பாய் இ3-ல். கறுப்பு ராஜா எஃப்7-ல், யானை இ7-ல். கறுப்பின் முறை. ஊழியரின் கடிகாரத்தில் இரண்டு நிமிடத்துக்குக் கீழ்; பையனிடம் இருபத்தைந்து நிமிடம்.

யானைகள் பலகையில் இருக்கும்வரை கறுப்புக்கு டிரா செய்ய எல்லா வாய்ப்பும் உண்டு. ராஜா சிப்பாயின் பாதைக்கு ஒரே கட்டம் பக்கத்தில் நிற்கிறார். டி7-ல் ஒரு செக் கொடுத்து, யானையை வைத்துக்கொண்டு, ராஜாவைச் சிப்பாய்க்கு முன்னால் கொண்டுபோனால் போதும். ஆனால் ஊழியர் நினைவில் ஒரு பாடம் இருக்கிறது: ஒற்றைச் சிப்பாய்க்கு எதிரே ராஜா நேருக்கு நேர் நின்றால் டிரா. யானையால் யானையை வெட்டுகிறார். பையனின் ராஜா இ5-ல் வந்து வெட்டுகிறது. கறுப்பு ராஜா இ7-க்கு வந்து நேருக்கு நேர் நிற்கிறது. இதைத்தான் ஆட்டக்காரர்கள் ஆப்போசிஷன் என்பார்கள்: இரு ராஜாக்களுக்கும் நடுவே ஒரே கட்டம், யார் முறையோ அவர் வழிவிட்டாக வேண்டும். இப்போது வெள்ளையின் முறை. பாடப்படி வெள்ளை ராஜா விலக வேண்டும்.

வெள்ளை ராஜா விலகவில்லை. பையன் சிப்பாயை இ3-லிருந்து இ4-க்குத் தள்ளுகிறான். ராஜாக்கள் அதே இடத்தில். முறை மட்டும் கறுப்பிடம் போய்விட்டது. இனி விலக வேண்டியவர் கறுப்பு ராஜா. டி7-க்குப் போனால் வெள்ளை ராஜா எஃப்6-க்கு ஏறும். எஃப்7-க்குப் போனால் டி6-க்கு. சிப்பாய் எட்டாம் வரிசைக்குப் போய் ராணியாவதை இனி நிறுத்த முடியாது. அந்தச் சிப்பாய் ஏற்கெனவே இ4-ல் நின்றிருந்தால் தள்ள மிச்ச நகர்த்தல் இருந்திருக்காது. ஊழியரின் பாடம் பலித்திருக்கும். ஒரு கட்ட வித்தியாசம். பாடம் தப்பானதில்லை. அது எந்த நிலைக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதை எண்ணிப் பார்க்க இரண்டு நிமிடம் போதவில்லை.

இதைக் கிளப் ஆட்டக்காரரின் தவறு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகப் பட்டப் போட்டியின் பதினான்காவது, கடைசி ஆட்டம். டிங் லிரென் வெள்ளை. குகேஷ் கறுப்பு, ஒரு சிப்பாய் கூடுதல். டிரா என்றே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நினைத்தார்கள். ஐம்பத்தைந்தாம் நகர்த்தலில் டிங் யானையை எஃப்2-ல் வைத்து யானைகளை மாற்றிக்கொள்ள முன்வந்தார். அவருடைய பிஷப் ஏ8 மூலையில் நின்றதை அப்போது கணக்கில் எடுக்கவில்லை. குகேஷ் யானையை வெட்டினார். ராஜா திருப்பி வெட்டியதும் தன் பிஷப்பை டி5-ல் வைத்தார். மூலையில் இருந்த பிஷப் தப்ப வழியில்லை, பிஷப்புகளும் மாறின. மிஞ்சியது ராஜாவும் சிப்பாய்களும் மட்டும். மூன்று நகர்த்தலில் டிங் ஆட்டத்தைக் கைவிட்டார். அங்கேயும் யானை மாற்றம். அங்கேயும் அது தள்ளிவிட்ட இடம் சிப்பாய் முடிவாட்டம். யானைகள் இருக்கும்போது பொறுக்கும் தவறுகளைச் சிப்பாய் முடிவாட்டம் பொறுப்பதில்லை. அங்கே பாதிப் புள்ளிக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே ஒரே ஒரு நகர்த்தல்தான் இருக்கும்.

முடிந்த பிறகு

கை குலுக்கல், இரண்டு ஸ்கோர் ஷீட்டிலும் இருவரின் கையெழுத்து, நடுவர் மேசையில் முடிவைப் பதிவு செய்வது. பதினெட்டு வயதுக்குக் கீழ், 2300-க்குக் கீழ் உள்ளவர்களுக்கு ஃபிடே கணக்கில் பெருக்கும் எண் 40. முப்பது ஆட்டம் கடந்த, 2400-ஐத் தொடாத பெரியவர்களுக்கு 20. எதிர்பார்ப்பு 0.24 ஆக இருந்த பையன் முழுப் புள்ளி எடுத்ததால் வித்தியாசம் 0.76, நாற்பதால் பெருக்கினால் 30.4 ஏற்றம். ஊழியருக்கு 15.2 இறக்கம். ஒருவர் இழந்ததைப்போல இரண்டு மடங்கு மற்றவர் பெறுகிறார், மீதி 15.2 புள்ளி எங்கிருந்தும் வரவில்லை, வளரும் பிள்ளைக்காகக் கணக்கே உண்டாக்கிக் கொடுப்பது. ஆட்டம் டிராவாகியிருந்தால் பையனுக்கு 10.4 ஏற்றமும் ஊழியருக்கு 5.2 இறக்கமும் இருந்திருக்கும்.

இந்த ஓர் ஆட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், அடுத்த மாதம் முதல் தேதி வெளியாகும் பட்டியலில் பையன் 1530, ஊழியர் 1685. இடைவெளி 155. ஆட்டம் முடிந்த அதே ஞாயிறு மாலைச் சுற்றில் பையனுக்குக் கறுப்பு.